இன்னொருவன் கழுத்து உன் கையில்

பிரகாஷ்,

நேற்று நீ வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே, "ஞாயித்துக்கெழம கெளம்பறன்மா, பஞ்சாப்புல மல்யுத்தத்துக்கு என்னச் சேத்துக்கினாங்க" என்று சொன்னாய். நான் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்துவிட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. பேச ஆரம்பித்தால் மஞ்சுவின் பெயர் வரும், அந்தப் பெயர் வந்ததும் நீ எழுந்து வெளியே போய்விடுவாய் என்று தெரியும். ஒன்றரை வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிட்டு நீ போனாலும், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படித்துக்கொள்ளலாம்.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. மல்யுத்தம்தான் உன் தொழில் என்று நீ முடிவு செய்துவிட்டாய். நடந்ததற்கெல்லாம் பிறகும் அந்த முடிவு மாறவில்லை என்றால், நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா மாறப்போகிறது? ஆனால் தொழிலைத் தொடங்குகிறவன் தெரிந்துகொண்டு தொடங்கவேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் பாதி உனக்குத் தெரியும், பாதி தெரியாது. தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதே ஆசையோடு கிளம்புகிற வேறு பிள்ளைகள் கையிலோ, அவர்களைப் பெற்றவர்கள் கையிலோ இது போய்ச் சேர்ந்தால், அவர்களும் முதலிலிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

நீ டிப்ளமா முடித்து சிப்காட்டில் கான்ட்ராக்டில் சேர்ந்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டுச் சட்டையில்லாமல் வந்தாய். முதுகு முழுவதும் கன்றிப்போய் ஊதா நிறத்தில் இருந்தது. கம்பெனியில் ஏதோ தகராறு, யாரோ ஆள் வைத்து அடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ சிரித்துக்கொண்டே, அத்திப்பள்ளியில் ஒரு பழைய குடோனில் மல்யுத்தம் சொல்லித் தருகிறார்கள், இரண்டு மாதமாகப் போகிறேன் என்றாய். ஊர்த் திருவிழாவில் மண்ணில் பிடிக்கிற குஸ்தி இல்லை, டிவியில் கயிறு கட்டிய மேடையில் ஆளை ஆள் தூக்கிப் போட்டுக்கொள்கிறார்களே, அது என்றாய். "அதெல்லாம் பொய்ச் சண்டைனு சொல்றாங்களேடா, அப்பறம் முதுகு ஏன் இப்பிடி இருக்குது?" என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "யாரு ஜெயிக்கறதுங்கறதுதாம்மா பொய். கீழ வுழறது நெசம்."

அன்றைக்கே கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து எனக்கு விழுந்து காட்டினாய். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளவேண்டும், மூச்சை வெளியே விடவேண்டும், முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும், இரண்டு கைகளும் பக்கவாட்டில் பட்டென்று அறையவேண்டும், தலை மட்டும் எந்தக் காரணத்தைக்கொண்டும் தரையைத் தொடக்கூடாது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன விழுந்தது என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குப் பயமாக இருந்தது என்றாலும், ஒரு விஷயம் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். கம்பெனியிலிருந்து வரும்போது உன் முகம் செத்துப்போயிருக்கும். அத்திப்பள்ளியிலிருந்து வரும்போது அடிபட்டுத்தான் வருவாய், ஆனால் முகத்தில் உயிர் இருக்கும். அதைப் பார்த்த பிறகு நான் தடுக்கவில்லை. நான் வேலை செய்கிற ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்களிடமெல்லாம் என் மகன் மல்யுத்த வீரன் என்று சொல்லிக்கொண்டேன்.

அதே சமயத்தில்தான் மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கம்பெனியில் உன்னோடு ஒரே லைனில் வேலை செய்து, அத்திப்பள்ளிக்கும் உன்னோடு பழக வந்தவன், வேப்பனப்பள்ளிக்காரன், அப்பா இல்லாதவன், அம்மாவுக்கு ஒரே ஆண்பிள்ளை. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். தாடியும் தோளுமாக அவன் உள்ளே வந்தபோது வீடே சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. போனில் அம்மாவிடம் தெலுங்கு, உங்களுக்குச் சொல்லித் தந்த கோச்சிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று மாறி மாறிப் பேசுவான். எந்த மொழியிலும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நம் தெரு நாய்களுக்குப் பயந்துகொண்டு முக்கில் நின்றுகொண்டு உனக்கு போன் செய்வான், நீ போய்க் கூட்டி வருவாய். அவனைப் பார்த்தவுடன் கோச் சொல்லிவிட்டாராம், மேடையில் அவன்தான் வில்லன் என்று. நீ மெலிந்தவன், சிரித்த முகம், அதனால் நீ நல்லவன். "அவன் எங்கம்மா வில்லன், எறும்பு கடிச்சாக்கூட தட்டி வுடுவான், நசுக்க மாட்டான்" என்று நீ கிண்டல் செய்வாய். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு சாப்பிடுவான்.

கோச் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் நன்றாக வரவேண்டும் என்று அவருக்கும் ஆசை இருந்தது. ஆனால் அவருக்குப் பொறுமை இல்லை. முதலில் விழ மட்டும்தான் சொல்லிக்கொடுப்பேன் என்று ஆரம்பித்தவர், ஊர்களிலிருந்து அழைப்பு வர ஆரம்பித்ததும் உங்களை அவசரமாக மேடையேற்றினார். இரும்புக் குழாய்களை ஊன்றி, அதன்மேல் பலகை அடுக்கி, மெல்லிய ஃபோமும் தார்ப்பாயும் விரித்து மேடை கட்டுவதும் நீங்களேதான், பிறகு அதன்மேல் ஏறிச் சண்டை போடுவதும் நீங்களேதான். யாருக்காவது அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா" என்றாய். ஒன்றும் ஆகாது என்பது பதில் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பஞ்சாபில் போய் இறங்கியதும் நீ முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். மேடைக்குப் பக்கத்தில் வைத்தியம் தெரிந்தவர் யார் நிற்பார், ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவார், எழுந்திருக்க முடியாமல் போனால் யார் பொறுப்பு என்று கேள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடமாக இருந்தால், அது எவ்வளவு பெரிய பெயருள்ள இடமானாலும், மறுவண்டி ஏறித் திரும்பி வந்துவிடு.

அந்த நாளைப் பற்றி இப்போது எழுதவேண்டும். எனக்கும் இது சுலபமில்லை.

சூளகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. அதுவரை உன்னை மேடையில் நான் பார்த்ததில்லை என்பதால் நானும் வந்தேன். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாய். காலையில் பெய்த மழையில் மைதானம் சொதசொதவென்று இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல், நேராக வந்து மேடை கட்டியிருந்தீர்கள். நிகழ்ச்சி தொடங்கத் தாமதமாகிவிட்டது, கூட்டம் சலித்துப்போய்க் கலைய ஆரம்பித்தது. கோச் உங்கள் இருவரையும் வேனுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்ன பேசினார் என்று அப்போது தெரியாது. தோளுக்கு மேல் தூக்கிப் பின்பக்கமாக வீசுகிற அந்தப் பெரிய வீச்சை இன்றைக்குச் செய்யுங்கள், இல்லையென்றால் ஜனங்கள் போய்விடுவார்கள் என்று சொன்னாராம். அதை நீங்கள் சரியாகப் பழகியிருக்கவில்லை.

மேடையேறியதும் மஞ்சு வேறு ஆளாகிவிட்டான். கூட்டத்தைப் பார்த்துக் கன்னடத்தில் திட்டினான், குழந்தைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். காலி பாட்டில்கள் பறந்து வந்தன. என் பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் "நல்லாப் போடு அவன" என்று உன்னைப் பார்த்துக் கத்தினாள். எனக்குச் சிரிப்பாக வந்தது, நம் வீட்டில் வெட்கப்பட்டுச் சாப்பிடுகிறவனா இவன் என்று. பிறகு நீ அவனைத் தூக்கினாய். அவ்வளவு பெரிய உடம்பை நீ தோளில் ஏற்றியதும் கூட்டம் எழுந்து நின்றது, நானும் எழுந்தேன். நீ வீசினாய். அவன் விழுந்த சத்தம் எப்போதும் கேட்கிற சத்தமாக இல்லை. அறைகிற கைகளின் ஓசை அதில் இல்லை. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த நிமிஷத்தில் ஊரே விசில் அடித்தது, நானும் கை தட்டினேன்.

அடிபட்டவன் சரியாக இருக்கிறானா என்று பார்க்க, பிடிக்கிற மாதிரிப் போய் அவன் கையை லேசாக அழுத்துவோம், அவன் திருப்பி அழுத்தினால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம் என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீ அவன்மேல் குனிந்து கையைப் பிடித்ததைப் பார்த்தேன். விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தாய். பிறகு எழுந்து கயிற்றோரம் போய் நின்றுகொண்டாய். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் கைகள் நின்றன. கூட்டம் அதற்குப் பிறகும் விசில் அடித்தது. எழுந்திருடா என்று கேலி செய்தது. நடிக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வலிக்காததையும் வலிக்கிற மாதிரி நடிக்கிற தொழில் இது, பிரகாஷ். நிஜமாக உயிர் போகிறபோது அதை நம்ப யாரும் இருக்கமாட்டார்கள். மேடைக்குக் கீழே இருப்பவர்கள் கண்டுபிடிப்பார்கள் என்று ஒருநாளும் எண்ணாதே. கண்டுபிடிக்கவேண்டியவன் மேடையில் உடன் நிற்கிறவன் மட்டும்தான். உடனே நிறுத்து, உடனே கத்து, ஆட்டம் கெட்டால் கெடட்டும்.

அதன் பிறகு நாம் எல்லோரும் சேர்ந்து செய்த தப்பு ஒன்று இருக்கிறது. ஆளுக்கொரு கை ஆளுக்கொரு கால் என்று அவனைத் தூக்கி டெம்போவில் போட்டோம். ஒரு காலைப் பிடித்தவள் நான். தலை தொங்கிக்கொண்டு வந்தது, யாரும் பிடிக்கவில்லை. பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், இவரை யார் இப்படித் தூக்கிக்கொண்டு வந்தது என்று கேட்டபோது நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கழுத்தெலும்பு உடைந்து நரம்பை நசுக்கிவிட்டது, தோளுக்குக் கீழே எதுவும் இயங்காது என்றார். விழுந்தவனை அசைக்கக்கூடாது, தலையையும் கழுத்தையும் இரண்டு கைகளாலும் அப்படியே பிடித்துக்கொண்டு, பலகை வரும்வரை காத்திருக்கவேண்டும். முதல் நாள் பாடமாகச் சொல்லித் தரவேண்டிய இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ சேருகிற இடத்தில் சொல்லித் தராவிட்டால் நீயே போய்க் கற்றுக்கொள்.

ஆஸ்பத்திரிக்கு முதல் வாரம் தினமும் போனாய். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். அவனை ஊருக்குக் கொண்டுபோன பிறகு ஒருமுறைகூட நீ போகவில்லை. கோச் குடோனைக் காலி செய்துவிட்டு எங்கோ போய்விட்டார். உன் அப்பா உன்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். விருதுநகர் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்து முப்பது வருஷமாகியும் அவர் பேச்சு மாறவில்லை, மனமும் சட்டென்று மாறுகிறதில்லை. உன்னைத் திட்டவில்லை. "அவனாப் போவான்னு பாத்தேன்" என்று மட்டும் என்னிடம் ஒருநாள் சொன்னார். உன்னிடம் நானும் கேட்கவில்லை. நீ தூங்காமல் புரண்டுகொண்டிருப்பது தெரியும். கேட்டால் உடைந்துவிடுவாய் என்று பயந்தேன். அதற்குப் பதிலாக நானே போக ஆரம்பித்தேன். வார லீவன்று உறவுக்காரர் வீடு, கோயில் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் வேப்பனப்பள்ளிக்குத்தான்.

முதல் தடவை போனபோது மஞ்சுவின் அம்மா ரத்னம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாந்தோப்புக்கு நடுவே வீடு. கொண்டுபோன பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே மரத்தடியில் நின்றேன். திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. வெகுநேரம் கழித்து வாசலுக்கு வந்து, "ரா" என்று தெலுங்கில் உள்ளே வரச் சொன்னாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். அப்படியில்லை. அவனைப் புரட்டிப் படுக்கவைக்கவேண்டிய நேரம், ஒத்தாசைக்கு வருகிற கொழுந்தன் அன்றைக்கு வரவில்லை, அவளால் தனியாக முடியவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது இரண்டு கைகள். அவை யாருடைய கைகள் என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. ஒருத்தி தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கைகொடுக்க, இன்னொருத்தி தலையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒரே மூச்சில் திருப்பவேண்டும். நான் தலையைப் பிடித்தேன். அன்றுமுதல் போகும்போதெல்லாம் அது என் வேலையாயிற்று.

நீ பார்க்காததால் சொல்கிறேன். அந்தப் பெரிய உடம்பு உருகிப் பாதியாகிவிட்டது. எவ்வளவு புரட்டினாலும் முதுகின் அடியில் புண் வந்தது, ஒன்று ஆறினால் இன்னொன்று வந்தது. ரத்னம்மா அதைக் கழுவிக் கட்டும்போது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, வலிக்கவில்லையே அம்மா, எனக்கென்ன என்பான். சிறுநீருக்குக் குழாய். ஈ உட்கார்ந்தால் ஓட்ட முடியாது. கன்னத்தைச் சொறியவேண்டும் என்றால் யாரையாவது கூப்பிடவேண்டும். அதைக் கேட்கக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு, சும்மா கிடப்பான். இருமக்கூட அவனுக்கு வலு இல்லை. சளி கட்டினால் ரத்னம்மா அவன் வயிற்றில் இரண்டு கைகளையும் வைத்து அவன் இருமுகிற நேரம் பார்த்து அழுத்துவாள். அப்போதுதான் வெளியே வரும். இதையெல்லாம் உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. மேடையில் ஒரு நொடி சறுக்கினால், அந்த நொடி யாருடைய வீட்டில் எத்தனை காலம் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு போ என்பதற்காக எழுதுகிறேன்.

அவன் உன்னைக் கேட்காத நாள் இல்லை. நீ ஏன் வரவில்லை என்று கேட்டதும் இல்லை. ஒருநாள் ரத்னம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது என்னிடம் சொன்னான், "அவன் கை நழுவலம்மா. அவன் தூக்கறப்ப நானும் எகிறிக் குடுக்கணும், நாந்தான் குதிக்கறதுக்கு லேட்டு பண்ணிட்டன். அவங்கிட்ட சொல்லுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே உன்னிடம் ஓடி வந்து சொல்லவேண்டும் என்று இருந்தது. ஆனால் கிளம்பும்போது ரத்னம்மா தோப்பு ஓரம்வரை கூட வந்தாள். தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் கேட்டாள், மஞ்சு என்னிடம் என்ன சொன்னான் என்று. சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கோச் ஒரே ஒரு தடவை வந்தபோது அவரிடம் மழையில் பலகை விலகிவிட்டது என்றானாம். அவளிடம், பிரகாஷ் வேண்டாமென்றுதான் சொன்னான், நான்தான் கட்டாயப்படுத்தித் தூக்கச் சொன்னேன் என்றானாம். "ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு சொல்றான். யாரும் சொமக்கக்கூடாதுன்னு பாக்கறான்" என்றாள். அதனால்தான் நான் உன்னிடம் வந்து சொல்லவில்லை. உனக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காக, நிஜமா பொய்யா என்று தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து தர எனக்கு மனமில்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்திருக்கும். பலகை விலகியிருக்கலாம், அவன் தாமதித்திருக்கலாம், தூக்கமில்லாத உன் கை தளர்ந்திருக்கலாம், மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தும் இருக்கலாம். உன் கை தளர்ந்தது என்றால், தளர்ந்தது என்று உனக்குள்ளாவது சொல்லிக்கொள். அதைச் சொல்லிக்கொள்ளாமல் இன்னொரு பிள்ளையைத் தோளில் தூக்காதே. தூக்குகிறவனை நம்பித்தான் அந்தப் பிள்ளை தன் கழுத்தை ஒப்படைக்கிறான். கெட்டவன், எதிரி என்று கூட்டம் கத்துகிறவன்தான் உன்னை முழுக்க நம்பி உன் கையில் இருக்கிறவன். கட்டுமஸ்தான உடம்பு, பேர், வேஷம், விசில் எல்லாம் அதற்குப் பிறகு. நம்பி உடம்பைக் கொடுக்கலாம் என்று நாலு பேர் உன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் முன்னுக்கு வருவது அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீ இந்தத் தொழிலை விடமாட்டாய் என்று மஞ்சுவுக்குத் தெரிந்திருந்தது. மாம்பூ பூத்திருந்த சமயம், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் பேசினான். "அவன் வுடமாட்டான்மா. போனா நல்ல எடமாப் பாத்துப் போகச் சொல்லுங்க. மொத மாசமே மேடை ஏத்தறவங்ககிட்ட போக வேணாம். வுழறதுக்கு மட்டும் மாசக்கணக்கா சொல்லிக் குடுக்கணும்." பிறகு, "முடியலன்னா முடியலன்னு சொல்லணும்மா. அன்னைக்கு வேன்கிட்ட கோச் கேட்டப்ப நாங்க ரெண்டு பேருமே சொல்லல. அவன் சொல்லுவான்னு நான் பாத்தன். நான் சொல்லுவன்னு அவன் பாத்தான்" என்றான். அவன் சொன்னவற்றில் நான் அப்படியே நம்புவது இது ஒன்றைத்தான். இதில் யாரையும் காப்பாற்றுகிற எண்ணம் இல்லை.

இந்த வருஷம் மழை தொடங்கியதும் அவனுக்குச் சளி பிடித்தது. கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனார்கள், கொஞ்சம் தேறியது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடியும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. நான் கடைசியாகப் போனபோது அழுத்தி அழுத்தி ரத்னம்மாவின் கை ஓய்ந்துவிட்டது, நான் வாங்கி அழுத்தினேன். என் கைக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. அவன் கண்ணாலேயே பரவாயில்லை என்றான். அந்த வாரத்திலேயே போய்விட்டான். சேதி வந்து அங்கே போய்ச் சேர்ந்ததும் நான் உனக்கு போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய், மிஷின் சத்தம் கேட்டது. "மஞ்சு போயிட்டான் சாமி" என்றேன். "ம்" என்றாய். பிறகு மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. நீ வருவாய் என்று மாலைவரை தோப்பு வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா வந்தார். யாரும் கேட்காமலே போய்ப் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். நீங்கள் யார் என்று கேட்டவர்களிடம், சிநேகிதனுடைய அப்பா என்று சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சூளகிரி வந்ததும், "அவன் குடுக்க வேண்டிய தோளு. நான் குடுத்துட்டு வாரேன்" என்றார். இதை உன்னிடம் சொல்லாதே என்றும் சொன்னார். சொல்லிவிட்டேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ரத்னம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துக்கொண்டாள். உன் மகன் மறுபடியும் அதே வேலைக்குப் போவானா என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது வேறு. மேடையில் சண்டை போடும்போதே இரண்டு பேரும் காதோடு காதாகப் பேசிக்கொள்வோம், தூக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தூக்குவோம் என்று மஞ்சு அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு என்ன பேசிக்கொண்டீர்கள் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டும், ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்லிச் சிரித்து மழுப்பியிருக்கிறான். "நின்னுக்கினு, கை கால் ஆடிக்கினு எம் புள்ள பேசன கடைசிப் பேச்சு அது" என்றாள். "உம் மகனுக்கு மட்டும்தான் தெரியும். எங்கனா போகட்டும். வந்து அத எங்கிட்ட சொல்லிட்டுப் போகட்டும்."

இதை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை நாளாகியது. சொல்லும்முன் நீயே கிளம்புகிறேன் என்று வந்து நிற்கிறாய்.

சனிக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கிருந்து வேப்பனப்பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். நானும் வருகிறேன். தோப்பு ஓரம்வரைதான் வருவேன், உள்ளே நீ தனியாகப் போகவேண்டும். அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. அடிக்கலாம், சோறு போடலாம், கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எதுவானாலும் நின்று வாங்கிக்கொள். அவன் பேசியதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல். வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தாலும் அதையும் சொல். நீ அவனிடம் என்ன சொன்னாய் என்பதையும் சொல். அவளுக்கு ஆறுதலாக எதையும் இட்டுக்கட்டாதே, அதை அவள் மகன் நிறையச் செய்துவிட்டுப் போயிருக்கிறான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ ரயிலேறினால், அப்பாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூர் ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்புவேன்.

நீ வராவிட்டாலும் சனிக்கிழமை நான் மட்டும் போவேன். அவள் வழியைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். என்னைத் தனியாகப் பார்த்ததும் அவளிடம் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அம்மா